முள்மீனின் தகப்பன் பதவி

எந்த உயிர் ஆண், எந்த உயிர் பெண் என்று தீர்மானிக்கும் பொறுப்பை ஆண்டவன் எல்ஸ்விக் ஊர் இயற்கை ஆராய்ச்சிச் சங்கத்திடம் ஒப்படைத்திருந்தான். சங்கத்தார் அப்படித்தான் நம்பினார்கள்.

மருந்துக்கடை ரஸ்முஸின் மனைவி தோரா கண்ணாடித் தொட்டியில் முள்மீன் வளர்த்தாள். வசந்தம் முழுக்கக் கண்கொட்டாமல் பார்த்து ஒன்றைக் கண்டுபிடித்தாள். தாய்மீன் முட்டையிட்ட கையோடு போயே போய்விடுகிறது. கூடு கட்டுவது, காவல் காப்பது, வழிதவறின குஞ்சை வாயில் கவ்விக் கொண்டுவந்து சேர்ப்பது எல்லாம் செவ்வயிற்றுத் தகப்பன்தான். சங்கம் ஒப்புக்கொண்டால்தான் இது தலைநகரத்துப் பத்திரிகையில் அச்சாகும். தோராவுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

பெண்களுக்குச் சங்கத்தில் இடமில்லாததால், சங்கமே அவள் வீட்டுக்கு எழுந்தருளியது. தலைவர் ஹோல்கர் தொட்டியைச் சுற்றி வந்தார்.

"குஞ்சு மேய்க்குதே. அப்ப இது அம்மாதான்."

"இல்லீங்கய்யா, அப்பன். ஆணுக்குத்தான் வயிறு செவக்கும், பாருங்க."

"கோவத்துல செவந்திருக்கும். புள்ள வளத்தா யாருக்குத்தான் கோவம் வராது? குழந்தையைப் பாத்துக்கிறது எதுவோ, அது பெண். இது சங்கத்தின் முடிந்த முடிவு."

அப்போது உள்ளேயிருந்து வந்தார் சங்க உறுப்பினர் ரஸ்முஸ். இடுப்பில் கைக்குழந்தை, கையில் கஞ்சிக் கரண்டி, தோளில் பால் கக்கிய கறை. மனைவி மீனைப் பார்த்தால் பிள்ளையை வேறு யார் பார்ப்பது?

"உங்க முடிவுப்படி, எங்க வீட்டுக்காரர் யாருங்கய்யா?" என்றாள் தோரா.

தலைவர் மீனைப் பார்த்தார். ரஸ்முஸைப் பார்த்தார். முடிவை மாற்றுவதைவிட ரஸ்முஸை மாற்றுவது சுலபமாகப் பட்டது.

"வருந்துகிறோம், ரஸ்முஸ் அம்மையாரே. பெண்களுக்கு உறுப்பினர் பதவி கிடையாது."

சேதி மீன்சந்தைக்குப் போனது. கூட்டம் கூட்டமென்று புருஷன்மார் வீடு தங்காததில் ஊர்ப் பெண்களுக்கு ஏற்கெனவே கடுப்பு. சங்க நாள் வந்தால், "இந்தாங்க, ஒரு நிமிஷம் புடிங்க" என்று பிள்ளையைக் கொடுத்துவிட்டு மாயமானார்கள். தலைவர் வாசலில் நின்று ஒவ்வொரு கோட்டாக முகர்ந்தார். பால்வாடை அடித்தவரெல்லாம் அம்மையாராகித் திரும்பினார்கள். நீதிபதி போனார், பாதிரியார் போனார். மிஞ்சியது கல்யாணமாகாத தலைவர் மட்டும்.

ஒருநாள் அவருடைய தங்கை பிள்ளையோடு படகிறங்கினாள். "புடிண்ணே, பெட்டியை எடுத்துட்டு வரேன்." பிள்ளைக்கு மூக்கு ஒழுகியது. தலைவர் நாலாபுறமும் பார்த்துவிட்டுத் துடைத்தார்.

"வணக்கம், தலைவி அம்மா!" என்றது தோராவின் குரல்.

அன்றே அவசரக் கூட்டம் கூடியது. தலைவரே கூடி, தலைவரே வழிமொழிந்தார்: முள்மீன் ஆண், மூக்கு துடைப்பவரும் ஆண்.

தோராவின் கண்டுபிடிப்பு அச்சேறியது. அம்மையார்கள் அனைவரும் மறுபடி ஆண்களானார்கள். "சங்கமே சொல்லிடுச்சே, இனியாவது புள்ளையைப் புடிங்க" என்ற பெண்களுக்கு ஊரெங்கும் ஒரே பதில்: "அது மீனுக்குச் சொன்னது. நான் என்ன மீனா?"

ரஸ்முஸும் கரண்டியை வைத்துவிட்டுக் கோட்டை மாட்டினார். "வரேன் தோரா. உன் கண்டுபிடிப்பைப் பத்திதான் கூட்டம். தகப்பன் பாசம்னு நான் பேசறேன்."

தோரா பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு தொட்டியை எட்டிப் பார்த்தாள். ஊரிலேயே கூட்டத்துக்குப் போகாத தகப்பன் அது ஒன்றுதான்.