வீட்டுப் பெருமூச்சுத் தடுப்பு மசோதா

என் மூச்சைப் பற்றி மனிதகுலத்தில் முதன்முதலாகக் கவலைப்பட்ட மகான் எங்கள் எம்.எல்.ஏ. நகுல் சாஹேப்தான். தாராவியில், என் ஒற்றை அறையில், அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து முறுக்கு உரலை இரண்டு கையாலும் அழுத்தியபடி இப்படி நினைத்துக்கொண்டேன். வெளியே சொல்லவில்லை. மகான்களைப் பற்றி வாய்விட்டுப் பேசினால் யாராவது சிரித்துவிடுகிறார்கள்.

சாஹேபுக்குச் சட்டம் இயற்றுவது என்றால் உயிர். மற்ற உறுப்பினர்கள் சாலை, சாக்கடை என்று சில்லறை விஷயங்களில் காலம் கழிக்க, அவர் கொடியில் காயும் துணிகளை நிறவாரியாக வரிசைப்படுத்த ஒரு மசோதா கொண்டுவந்தார். பிறகு, லோக்கல் ரயிலில் மூன்று பேர் சீட்டின் ஓரத்தில் நாலாவதாக ஒட்டிக்கொள்பவரின் ‘கண்ணியம் காக்கும்’ மசோதா. ரயில் டெல்லி சர்க்காருடையது என்று அவையில் யாரோ நினைவூட்டியிருக்கிறார்கள். சாஹேப் கலங்கவில்லை. “ரயில் அவர்களுடையது, உட்காரும் இடுப்பு நம்முடையது” என்றாராம். மேஜைகள் தட்டப்பட்டன.

மூன்றாவதுதான் பெண்குலத்துக்கு வந்த வரம். ஒருநாள் சாப்பிடும்போது சாஹேப் தம் மனைவிக்கு அன்றைய சொற்பொழிவை முழுவதும் சொல்லிக் காட்டினார். முடிவில் அந்த அம்மாள் ஒரு பெருமூச்சு விட்டார். “என்ன?” என்றார் சாஹேப். “ஒன்றுமில்லை” என்றார் அம்மாள். இந்த ‘ஒன்றுமில்லை’ மாநிலத்தின் எத்தனை வீடுகளில் ஒலிக்கிறதோ என்று சாஹேப் நடுங்கினார். பிறந்தது வீட்டுப் பெருமூச்சு (தடுப்பு மற்றும் ஒழுங்குமுறை) மசோதா.

அதன் நகலை எடுத்துக்கொண்டு காளிராஜ் அண்ணாச்சி என் வீட்டுக்கு வந்தார். எங்கள் பகுதித் தமிழ் ஓட்டுகளுக்கு அவர்தான் பொறுப்பு. பக்கத்து வீட்டுப் பூமாரி மைனி மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

“மாரீஸ்வரி, கேளு. ‘சொல் எதுவும் இன்றி, கணவனோ மாமியாரோ கேட்கும்படி, வாயாலோ மூக்காலோ நீளமாக வெளியிடப்படும் காற்று.’ இதான் பெருமூச்சு. எப்படி? பக்காவா எழுதியிருக்காவல்லா?”

“அப்போ கொட்டாவி, அண்ணாச்சி?” என்றாள் மைனி.

“அது அடுத்த கூட்டத்தொடர்ல.”

“ஏப்பம்?”

“ஏட்டி, ஏப்பம் ஆம்பளைக விடுதது. அது உரிமை.”

நான் உரலை அழுத்தினேன். மாவு கெட்டி. மூச்சை அடக்கி அழுத்தி, அச்சு வழியே மாவு இறங்கும்போது, உஸ்ஸென்று விட்டால்தான் வட்டம் அறுபடாமல் விழும். எங்கள் சந்தில் சக்லி, அதாவது இந்த ஊர் முறுக்கு, போடுகிற எல்லாப் பெண்களும் அப்படித்தான். ஒரு வட்டத்துக்கு ஒரு மூச்சு.

காளிராஜ் அண்ணாச்சி திடுக்கிட்டார். “என்னட்டி இது? என் முன்னாலயே விடுத?”

“இது வேலை மூச்சு, அண்ணாச்சி.”

அவர் தீவிரமாக யோசித்தார். “சரி. சாஹேப்கிட்டச் சொல்லி ‘தொழில்முறைப் பெருமூச்சு’ன்னு ஒரு விலக்கு போட்டுருவோம். லைசென்ஸ் வாங்கிக்கிடலாம். இப்போ நான் வந்த சோலியைக் கேளு. நாளைக்குச் சாஹேப் வாராரு, கேமராவோட. நீ ஒரு வரி வாசிக்கணும். ‘நான் பெருமூச்சு விடுவதில்லை, விடும்படியான குறை எதுவும் எனக்கு இல்லை.’ அவ்வளவுதான். வாசிச்சேன்னா சமாஜ் மந்திரைத் திறந்துவிடுதோம்.”

மைனியின் கை மாவிலேயே நின்றுவிட்டது.

சமாஜ் மந்திர் என்பது எங்கள் சந்து முனையில் இருக்கும் பொதுக்கூடம். முன்பெல்லாம் தீபாவளி நெருங்கினால் பெண்கள் எல்லாரும் அங்கேதான் அடுப்பு மூட்டுவோம். பிறகு அது ‘பழுதுபார்ப்புக்காக’ மூடப்பட்டது. உள்ளே சாஹேபின் பழைய மசோதாக்களுக்கான பேனர்களும், ஆளுயர அட்டைச் சாஹேப்களும் ஓய்வெடுக்கிறார்கள். அதனால் நாங்கள் பிள்ளைகள் படுக்கிற அறையிலேயே எண்ணெய் காய்ச்சுகிறோம். போன தீபாவளிச் சமயம் மைனியின் மகள் தூக்கத்தில் புரண்டு சட்டியில் காலை இடித்து, எண்ணெய் கொட்டிப் பாதம் வெந்துவிட்டது. அவளுக்கு இன்னும் செருப்புப் போட முடியாது. கூடத்தைத் திறக்கச் சொல்லி நாங்கள் கொடுத்த மனுக்களுக்கெல்லாம் ‘பரிசீலனையில்’ என்று மரியாதையான பதில் வந்தது.

அன்று சாயங்காலம் என் புருஷன் காசிராஜனிடம் சொன்னேன். தோல் பட்டறையிலிருந்து வந்து அப்போதுதான் கை கழுவியிருந்தார்.

“ஒரு வரிதான? சொல்லிட்டு வா. கூடம் கெடைக்கும்லா.”

“பொய்யில்லா அது?”

“சாஹேப் மட்டும் உண்மையா பேசுதாரு? சும்மா லஃப்டா, வம்பு பண்ணாத.”

நியாயம்தான். சட்டத்தை மதிக்கிற குடிமகளாக நான் அன்றே ஒத்திகை பார்த்தேன். பெருமூச்சு வரும்போதெல்லாம் விழுங்கினேன். சக்லி அறுந்து அறுந்து விழுந்தது. விழுங்கின மூச்சு எங்கும் போகவில்லை. நெஞ்சுக்குள் ஒரு ஓரமாக உட்கார்ந்துகொண்டது. அப்போதுதான் எனக்கே தெரிந்தது. வீடு, வேலை, பிள்ளை என்று எல்லாவற்றிலும் யாருக்காவது பங்கு இருக்கிறது. அந்த மூச்சு ஒன்றைத்தான் யாரும் கேட்டதில்லை. ஏன் விட்டாய் என்று என்னை நானே கூடக் கேட்டுக்கொண்டதில்லை. கதவைத் தட்டாமல் உள்ளே வந்து, அங்கேயும் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார் சாஹேப்.

மறுநாள் பூட்டிய கூடத்தின் முன்னால் சிவப்புக் கம்பளம் விரித்தார்கள். சாஹேப் வந்தார். முகத்தில் கருணை. “தாயி” என்று கூப்பிட்டார், மராத்தியில் அக்கா. “உங்கள் மனதுக்குள் இருக்கும் துன்பத்தை ஒழிக்காமல் நான் உறங்கப்போவதில்லை” என்று இந்தியில் சொன்னார். காளிராஜ் அண்ணாச்சி தமிழில் சொன்னார். கூட்டம் கைதட்டியது. கூடத்தின் சாவியை சாஹேப் சட்டைப் பையிலிருந்து எடுத்து, கேமராவுக்குக் காட்டி, திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

என் கையில் தாளைக் கொடுத்தார்கள். எதிரே மைனி மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். வாசி என்று அவள் கண் சொல்லும் என்று நினைத்தேன். அவள் குழந்தையின் காலைப் பாவாடையால் மூடினாள். கேமராவில் அந்தக் கால் விழக்கூடாது என்று கட்சிக்காரர் ஒருவர் அவளிடம் சொல்லியிருந்தார்.

குறை எதுவும் எனக்கு இல்லை. தாளில் அந்த வரி தடித்த எழுத்தில் இருந்தது.

நான் தாளை மடித்து காளிராஜ் அண்ணாச்சியிடம் நீட்டினேன். “நான் வாசிக்கலை, அண்ணாச்சி.”

“ஏட்டி, கேமரா ஓடுது!” என்று பல்லைக் கடித்தார்.

“ஓடட்டும். கூடம் எங்களுக்குள்ளது. அதுக்கு எதுக்கு நான் பொய் சொல்லணும்?”

சாஹேப் புன்னகை மாறாமல், இவள் என்ன சொல்கிறாள் என்று கேட்டார்.

“ஷர்மா ரஹீ ஹை, சாஹேப்” என்றார் காளிராஜ் அண்ணாச்சி. வெட்கப்படுகிறாளாம்.

இந்த ஊரில் பிறந்தவள் நான். எனக்கும் இந்தி வரும். குரலை உயர்த்தாமல் அந்த மொழியிலேயே சொன்னேன்.

“வெட்கம் எனக்கு இல்லை, சாஹேப். அது வரவேண்டியவர் பையில்தான் சாவி இருக்கிறது.”