மானை மீட்ட கழுதை

ஒரு காட்டில் சிங்கம் இருந்தது என்று ஆரம்பித்தால் பாதிப் பேர் எழுந்து போய்விடுவீர்கள். உட்காருங்கள், இந்தக் காட்டில் சிங்கமே கிடையாது. ஓடைக்கு இந்தப் பக்கம் மேட்டுக்காடு, அந்தப் பக்கம் பள்ளக்காடு. இரண்டுக்கும் ஆளுக்கொரு கால்பந்து அணி. மழைக்காலம் வந்தால் மைதானம் குளமாகித் தவளைகள் குடியேறிவிடும். அந்த மூன்று மாதமும் ஆட்டம் இல்லை. ஆட்டக்காரர்களை வாங்குவது, கொடுப்பது, மாற்றிக்கொள்வது மட்டும்தான். காட்டில் சண்டை அதிகம் நடப்பதும் அப்போதுதான்.

மேட்டுக்காட்டு அணிக்கு முத்தழகு என்றொரு கழுதை ரசிகன். உடம்பெல்லாம் மஞ்சள் சாயம் பூசிக்கொண்டு கோல் கம்பத்துக்குப் பின்னால் நிற்பான். எதிரணிக்காரன் பெனால்டி அடிக்க ஓடிவரும்போது ஒரு கத்து கத்துவான் பாருங்கள், பந்து புளியமரத்தில் போய் மாட்டிக்கொள்ளும். போன வருஷம் மட்டும் அப்படி ஏழு பெனால்டி. ஆனால் அவன் உயிர் அந்த ஏழில் இல்லை. அணிக்கு முன்னால் நின்று கோல் போடும் சிட்டான் என்ற புள்ளிமான்மேல்தான் இருந்தது.

மழை தொடங்கிய மூன்றாம் நாள், முத்தழகு குடியிருக்கும் குட்டிச்சுவரில் கரியன் என்ற காக்கா வந்து உட்கார்ந்தான். காட்டுக்குச் செய்தி சொல்வது அவன் வேலை. 'நம்பத்தகுந்த வட்டாரம்' என்று ஆரம்பித்தாலே அதில் பாதி பொய் இருக்கும். அன்றைக்கென்று பார்த்து முழுக்க உண்மையைச் சொல்லித் தொலைத்தான். சிட்டானைப் பள்ளக்காட்டுக்குக் கொடுத்தாயிற்று, பதிலுக்கு அங்கிருந்து தடியன் என்ற காட்டுப்பன்றி வருகிறான்.

முத்தழகு மண்ணில் புரண்டு அழுதான். போன வருஷம் சிட்டானை இடறிவிட்டு ஒரு மாதம் நொண்ட வைத்த பன்றி அல்லவா அது? சாயங்காலத்துக்குள் ரசிகர் குரூப்பில் நாற்பது குரல்பதிவு போட்டான். கழுதை குரலை எவன் கேட்பான்? கட்டைவிரலே இல்லாத காட்டில் எல்லாரும் கேட்காமல் கட்டைவிரலைத் தட்டிவிட்டுத் தூங்கப் போனார்கள்.

ஒரு வாரம் கழித்துத் தடியன் மஞ்சள் சாயம் பூசிக்கொண்டு வந்து இறங்கினான். முதல் மாலை போட்டது யார் என்கிறீர்கள்? நம்ம முத்தழகுதான். அந்த இடறலில் ஒரு நேர்த்தி இருந்ததாம், சிட்டானுக்குத்தான் ஒழுங்காக விழத் தெரியவில்லையாம். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். பிறகு கோல்கீப்பராக ஒரு கிழட்டு ஆமை வந்தது. அவசரப்படாத ஆள், அணிக்கு அப்படி ஒருத்தர் வேண்டும் என்றான். எதையும் விழுங்கிவிட்டான், சிட்டான் போனதை மட்டும் விழுங்க முடியவில்லை. புல் இறங்கவில்லை, விலா எலும்பு தெரிந்தது.

அவன் பெண்டாட்டி செவந்தி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் கேட்டாள்: "அந்த மானுக்கு உன் பேராவது தெரியுமாய்யா?"

கேட்டதில் நியாயம் இருந்தது, அதனால்தான் அவனுக்குக் கோபம் வந்தது. நேரே அணியின் செயலாளர் புனுகரிடம் போனான். புனுகர் ஒரு மரநாய். அவருடைய மரப்பொந்தில் அன்றைக்கு நல்ல கூட்டம். வருஷா வருஷம் ரசிகர் சங்கப் படிவத்தைப் புதுப்பிக்கும் நாள் அது. வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் முத்தழகு அழுதான்.

"யாரைக் கொடுத்தாவது சிட்டானைத் திரும்பக் கொண்டு வாங்கய்யா. யாரைக் கொடுத்தாலும் சரி, நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன்."

புனுகர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். அதை இப்படியே எழுதிக் கொடுப்பாயா என்று கேட்டுவிட்டு, படிவத்தின் அடியில் தானே இரண்டு வரி சேர்த்து நீட்டினார். மேலே சிட்டான் துள்ளுகிற படம். முத்தழகு அந்தப் படத்தை ஒருமுறை நக்கிவிட்டுக் குளம்பைப் பதித்தான். படித்துப் பார்த்துவிட்டுப் போடேன் என்றார் புனுகர்.

"அணிமேல நம்பிக்கை இல்லாதவன்தான்யா படிப்பான்" என்றான் முத்தழகு.

எட்டாம் நாள் கரியன் மறுபடி வந்தான். சிட்டான் திரும்பி வருகிறான்! முத்தழகு குட்டிச்சுவரைச் சுற்றி ஏழு சுற்று ஆடினான். ஆடி முடித்து மூச்சு வாங்கும்போதுதான், பதிலுக்கு யாரைக் கொடுத்தார்கள் என்று கேட்கத் தோன்றியது.

கரியன் தொண்டையைச் செருமினான். "முத்தழகுன்னு ஒரு கழுதையாம்."

பள்ளக்காட்டுக்காரர்கள் ஆட்டக்காரனே வேண்டாம் என்றுவிட்டார்களாம். ஏழு பெனால்டியைக் கெடுத்த அந்தத் தொண்டைதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்களாம். முத்தழகு ஓடிப்போய், நான் ஆட்டக்காரன் இல்லை, ரசிகன், என்னை எப்படிக் கொடுப்பீர்கள் என்று புனுகரிடம் கேட்டான். அவர் படிவத்தை எடுத்துக் குளம்புத் தடத்தைக் காட்டினார். வீட்டுக்கு வந்தால் செவந்தி மூட்டை கட்டி வைத்திருக்கிறாள். அந்தப் பக்கம் புல் நன்றாக இருக்குமாம்.

ஓடையில் கழுத்தளவு தண்ணீர். கடக்கும்போதே மஞ்சள் சாயம் கரைந்து போயிற்று. நடுப்பாறையில் ஏறினால் எதிரே சிட்டான் வந்துகொண்டிருக்கிறான். முத்தழகு, உனக்காகத்தான் போகிறேன் என்று சொல்ல வாயெடுத்தான். அதற்குள் மான் கேட்டது:

"வழி விடுங்கண்ணே. நீங்க யாரு, புதுசா சேர்ந்த கோல்கீப்பரா?"

முத்தழகு ஒதுங்கி வழி விட்டான்.

மழை நின்றது, தவளைகள் காலி செய்தன. முதல் ஆட்டமே மேட்டுக்காடும் பள்ளக்காடும். முத்தழகு பள்ளக்காட்டின் நீலச் சாயத்தோடு கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்றான், வாயே திறக்கவில்லை. கடைசி நிமிஷத்தில் மேட்டுக்காட்டுக்கு ஒரு பெனால்டி. அடிக்க வந்தவன் சிட்டான். பள்ளக்காடு மொத்தமும் திரும்பி முத்தழகையே பார்த்தது. அவனுக்குக் கண்ணில் தண்ணீர் கட்டியது. மான் ஓடிவந்தது.

கத்தினான். பிறந்ததிலிருந்து அப்படி ஒரு கத்து கத்தியதில்லை. பந்து புளியமரத்தின் உச்சிக்குப் போயிற்று.

பள்ளக்காட்டு ஆட்கள் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். கீழே இறக்கியதும், பக்கத்தில் நின்ற எருமையிடம் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னான்:

"அந்த மானுக்குக் கால் போச்சுன்னு நான் அப்பவே சொன்னேன். நல்லவேளை, நம்மாளுங்க நேரத்தோட தள்ளிவிட்டாங்க."

நீதி: எந்தப் பக்கம் என்று பார்க்காமல் கத்தத் தெரிந்தவனுக்கு இரண்டு கரையிலும் புல் உண்டு.