கூடத்து வல்லூறு

இறக்கை நறுக்கிய கொழுத்த ஈ ஒன்று கண்ணுக்கு நேரே நடந்து போகிறது. சிலந்தியோ அசையக் காணோம். ஜென்கிச்சி ஈயை இன்னும் கிட்டே தள்ளிவிட்டுப் பார்த்தான்.

அந்தக்கால டோக்கியோவான எடோவில் பிரபுக்கள் வேட்டைக்கு நிஜ வல்லூறு வளர்த்தார்கள். அதற்கு வக்கில்லாத கடைக்காரர்கள் தாவும் சிலந்தியை வளர்த்து, ‘கூடத்து வல்லூறு’ என்று பெயரும் வைத்துக்கொண்டார்கள். நாளைக்குக் கோயிலில் போட்டி. யாருடைய சிலந்தி அதிக தூரத்திலிருந்து தாவி ஈயைப் பிடிக்கிறதோ, அவருக்கு வெற்றி. எண்ணெய்க் கடை முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார்: தன் சிலந்தி ஜெயித்தால், அதை வளர்க்கும் ஜென்கிச்சி தனிக்கடை வைத்து, முதலாளி கடைப் பெயர் போட்ட திரையை வாசலில் தொங்கவிடலாம். தோற்றால் இன்னும் பத்து வருஷம் எண்ணெய் அளக்க வேண்டியதுதான். ஏற்கெனவே இருபது வருஷம் அளந்தாயிற்று.

தப்பு அவன்மேல்தான். தெம்பு வரட்டும் என்று ஒரு வாரமாக ஊட்டி ஊட்டிச் சிலந்திக்கு வயிறு முட்டிவிட்டது. கொஞ்சம் ஓடியாடினால் பசிக்கும் என்று காகிதக் கதவில் விட்டான். அது விறுவிறுவென்று கூரைக்கு ஏறிவிட்டது. துடைப்பத்தால் இறக்கப் போனான். முன்கால் ஒன்று துடைப்பத்தோடு வந்துவிட்டது. எட்டில் ஒன்று குறைந்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்று தன்னைத் தேற்றிக்கொண்டான்.

மறுநாள், எதிராளியான காகித வியாபாரி முதல் வேலையாகக் காலைத்தான் எண்ணினார்.

"ஏழு கால் வல்லூறா? மிச்சத்தை வறுத்துச் சாப்பிட்டுட்டியா?"

அவருடைய சிலந்தி நாலு விரற்கடை தூரம் தாவி ஈயைக் கவ்வியது. ஜென்கிச்சியுடையது, வைத்த ஈக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பக்கத்துத் தூணில் ஏறத் தொடங்கியது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. முதலாளி பல்லைக் கடித்தார்.

தூணையொட்டி நடுவராக உட்கார்ந்திருந்தார் மூத்த துறவி. தியானத்தில் கண்ணை மூடிவிட்டால் பக்கத்தில் இடி விழுந்தாலும் அசையமாட்டார். மழித்த தலையின் உச்சியில் கறுப்பாய் ஒரு மச்சம்.

சிலந்தி நின்றது. அதன் பெரிய கண்கள் இரண்டும் அந்தப் பக்கம் திரும்பின. உடம்பு தூணோடு படிந்தது. நூலின் நுனியைத் தூணில் ஒட்டவைத்துவிட்டு இம்மியளவு நகர்ந்தது, நின்றது. மறுபடி இம்மியளவு. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் மூச்சுவிட மறந்தார்கள். பயறளவு உடம்புக்குள் இத்தனை பொறுமையா, இத்தனை கணக்கா! ஜென்கிச்சி தனிக்கடையையே மறந்து வாய் பிளந்து பார்த்தான்.

தாவியது. முழுசாய் ஒரு சாண் தூரம். நூல் பின்னால் மின்ன, குறி பிசகாமல் மச்சத்தின்மேலேயே போய் இறங்கியது.

அடுத்த நொடி எல்லார் நெற்றியும் பாயில் கிடந்தது. முதலாளி குனிந்தபடியே, "இருபது வருஷமும் போச்சு, போ" என்று சீறினார்.

ஜென்கிச்சி அழாத குறையாகக் கெஞ்சினான்.

"சாமி மன்னிக்கணும். வாயில்லா ஜீவன். சாமியோட மச்சத்தைப் போய் ஈன்னு நெனச்சுடுச்சு."

துறவி மெல்லக் கண் திறந்தார்.

"மச்சமா? எனக்குத் தலையில மச்சமே கிடையாதேப்பா."