நீலம் பூசிய கல்வி

பூமியைக் காப்பாற்ற விஞ்ஞானிகள் தேவையில்லை, ஆளுக்கொரு தூரிகை போதும் என்ற பேருண்மையை மனிதகுலத்துக்கு வழங்கிய பெருமை, கால்வாய்க்கரைப் பள்ளியொன்றின் தலைமையாசிரியரையே சாரும். அதற்குக் "கலைவழிச் சூழல் கல்வி" என்று பெயர் சூட்டி, வாசலில் பலகையும் மாட்டிவிட்டார். மிச்சமிருந்த சில்லறை வேலையை, அதாவது கல்வியை, ஓவிய ஆசிரியையிடம் ஒப்படைத்தார்.

ஆசிரியை ஆறு வருடமாகத் தற்காலிகம். "சுற்றுச்சூழல் விழா நல்லபடியா முடியட்டும்மா, நிரந்தர ஆர்டர் தானா வரும்" என்று தலைமையாசிரியர் வாக்குக் கொடுத்திருந்தார். ஆறு வருடத்தில் அவர் கொடுத்த ஒன்பதாவது வாக்கு அது.

ஆசிரியை பிள்ளைகளைப் பின்வாசல் வழியாகக் கால்வாய்க் கரைக்கு அழைத்துப்போய், "கண்ணுல படுறதை அப்படியே வரைங்க" என்றார். பிள்ளைகளும் அப்படியே வரைந்து தொலைத்துவிட்டார்கள். நாற்பது தாளிலும் கறுப்புத் தண்ணீர். சிலதில் நுரை, சிலதில் டயர், ஒன்றில் பஞ்சு பிதுங்கிய மெத்தை.

முன்னேற்பாடுகளைப் பார்வையிட வந்த கல்வி அதிகாரி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். தண்ணீர் தெளியவில்லை.

"என்னம்மா இது, ஓவியமா, புகார் மனுவா?"

"கால்வாய் அப்படித்தான் சார் இருக்கு."

"இருக்கிறதைப் பாக்கணும்னா ஜன்னலைத் திறந்தா போச்சு. அதுக்கு எதுக்குக் கலை? பிள்ளைங்க மனசுல நம்பிக்கை வர வேண்டாமா? தண்ணி நீலம்மா, நீலம்! வெள்ளிக்கிழமை வர்றேன்."

அன்று மாலையே ஆசிரியர் கூட்டம் கூடியது. நீரின் நிறம் நீலம் என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. "கால்வாய்க்கு இதைத் தெரிவிக்கணுமா சார்?" என்று கணக்கு வாத்தியார் கேட்டது மட்டும் குறிப்பேட்டில் ஏறவில்லை.

பள்ளியின் பின்சுவர் முழுக்க ஐம்பதடி நீளத்துக்கு நீலக் கால்வாய் பாய்ந்தது. வெள்ளிக்கிழமை காலை, அதிகாரி வர அரைமணி நேரம் இருக்கையில் பியூன் ஓடிவந்தார்.

"சார், நாலு டிரம் பெயின்ட் மிச்சம். எங்க வைக்கிறது?"

"சுற்றுச்சூழல் விழா அன்னைக்கு வளாகத்துல பெயின்ட் டிரம்மா? பாக்கிறவங்க என்ன நினைப்பாங்க? பின்னாடி கொண்டுபோய்க் கொட்டிடுப்பா."

ஆசிரியை பதறிப்போனார். "சார், பின்னாடி கால்வாய் சார்..."

"உங்க ஆர்டரை டைப் அடிச்சு, அதிகாரி கையோட எடுத்துட்டு வர்றாராம்மா."

ஆசிரியை பியூனுக்கு வழிவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.

அதிகாரி வந்தார். சுவரைப் பார்த்தார். பின்வாசல் வழியாகக் கால்வாயைப் பார்த்தார். மறுபடி சுவர். மறுபடி கால்வாய். தேங்கிக் கிடந்த தண்ணீர், சுவரில் இருந்த அதே நீலத்தில் பளபளத்தது. மனிதர் நெகிழ்ந்துபோனார்.

"போன வாரம் சாக்கடை. இன்னைக்கு பாருங்கய்யா! கலைக்கு இவ்வளவு சக்தியா?"

"பிள்ளைங்க உழைப்பு சார்" என்றார் தலைமையாசிரியர் அடக்கத்துடன்.

பியூனின் முதுகையே மேஜையாக்கி, அங்கேயே நிரந்தர ஆணையில் கையெழுத்துப் போட்டார் அதிகாரி. "கரையோரம் இன்னும் ஏழு பள்ளிக்கூடம் இருக்கு. எல்லாத்துக்கும் இனி நீங்கதாம்மா பயிற்சி கொடுக்கணும்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

விழாவின் கடைசி நிகழ்ச்சியாகப் பிள்ளைகள் தாளோடு கரையில் உட்கார்ந்தார்கள். அப்போதுதான் மீன்கள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. அந்தத் தண்ணீரில் மீன் இருப்பதே அதுவரை யாருக்கும் தெரியாது. நுரையையும் டயரையும் மெத்தையையும் இத்தனை காலம் தாக்குப்பிடித்தவை, சூழல் கல்வியை மட்டும் தாங்கவில்லை.

"டீச்சர்," முன்வரிசைச் சிறுமி திரும்பினாள். "மீனெல்லாம் மல்லாந்து கிடக்கு. எப்படி டீச்சர் வரையறது?"

ஆசிரியை நிரந்தரமாகி அப்போது கால்மணி நேரம் ஆகியிருந்தது.

"நீந்துற மாதிரி வரைம்மா."