பிடிக்கிற பைப்பு

காலை ஆறு இருபது. கடலூர் முதுநகரில் நான் குடியேறிய முதல் நாள். மாடி அறையின் ஜன்னலைத் திறந்ததும் எதிர்ச்சாரியில் ஒரு போர்டு தெரிந்தது: ‘மாடர்ன் பைப் ஒர்க்ஸ்’. போர்டுக்குக் கீழே, இடுப்பில் பித்தளைக் குடத்தோடு ஒரு பெண். அவளுக்கு எதிரே முக்காலியில் உட்கார்ந்திருந்த மனிதர் மரத்தாலான ஏதோ ஒன்றைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, அதன் கிண்ணம் போன்ற தலையில் செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். வால் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“என்னா பாய், இவ்ளோதான் வருமா?” என்றாள் அவள்.

“இது தண்ணி பைப்பு இல்லம்மா. புடிக்கிற பைப்பு.”

“புடிக்கத்தான் பாய் குடம் கொண்டாந்திருக்கேன்.”

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையில், யாருக்கும் வேண்டாத ஒரு பொருளை இவ்வளவு கர்வத்தோடு செய்த மனிதர் வேறு யாரும் இருந்ததில்லை. அவர் பெயர் என்னவென்று தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. எல்லோருக்கும் அவர் பைப் பாய். அறுபதுகளில் அந்தத் தெருவில் பைப் என்றால் தண்ணீர் வரும் குழாய் மட்டும்தான். ஆகையால் வாரம் தவறாமல் யாராவது ஒழுகும் குழாயைக் கழற்றிக்கொண்டு வருவார்கள். பாய் அவர்களுக்கு வெள்ளைக்காரன் வாயில் வைக்கும் பைப்பின் மகத்துவத்தை விளக்குவார். அவர்கள் குழாயைத் தூக்கிக்கொண்டு திரும்புவார்கள்.

அந்தப் பொருளுக்குத் தமிழில் சுங்கான் என்று அருமையான சொல் இருக்கிறது. துறைமுகத்தில் வயதானவர்களுக்கெல்லாம் தெரியும். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டால் பாய்க்கு முகம் சிவந்துவிடும்.

“சுங்கான்னா கப்பல்ல கரி அள்ளுறவன் புடிக்கிறது சார். நான் செய்யிறது பைப்பு.”

“சுங்கான்னு போர்டு எழுதியிருந்தா எவளாவது குடத்தைத் தூக்கிட்டு வருவாளா மாமா?” என்பான் அவருடைய மச்சான். பாயின் மனைவிக்குத் தம்பி. பட்டறை இருந்த இடம் அவனுடையது. அதனால் தினமும் இதுபோல ஏதாவது சொல்லும் உரிமை அவனுக்கு இருந்தது.

மச்சானின் ஆத்திரத்துக்குக் காரணம் உண்டு. பாய் கடைசல்காரர். கடைசல் பட்டறையில் கட்டையைச் சுழலவிட்டு உளி பிடித்தால், கட்டில் கால், தொட்டில் கால், நாற்காலிக் கால் எல்லாம் சொன்ன அளவில் வந்து விழும். கால் சுழலும்போதே அரக்குக் குச்சியை அழுத்துவார். சூட்டில் அரக்கு இளகி மரத்தில் ஏறும். தாழை மடலை வைத்துத் தேய்த்தால் முகம் பார்க்கலாம். காட்டுமன்னார்கோயில் வரை கல்யாணக் கட்டில் என்றால் அவரிடம்தான் வருவார்கள். அப்படிப்பட்டவர் ஒரு நாள் கப்பல் கம்பெனி ஆபீசுக்கு நாற்காலிக் கால் கொடுக்கப் போனார். அங்கே ஒரு கேப்டன் வாயில் பைப்போடு உட்கார்ந்திருந்தார். கேப்டன் எதுவும் பேசவில்லை. பைப்பை எடுத்து ஒரு பக்கமாக நீட்டினார். ஆபீஸ் முழுவதும் அந்தப் பக்கம் ஓடியது.

“பேசாமலே வேலை நடக்குது சார். வாயில பைப்பு இருந்தா மனுஷன் வேண்டாத பேச்சு பேச மாட்டான்” என்பது பாய் கண்ட தத்துவம். இதை அவர் வாயில் காலிப் பைப்பை வைத்துக்கொண்டு மணிக்கணக்காக விளக்குவார்.

அன்றோடு கட்டில் கால் நின்றது. புளிய மரத்தின் வேர்க்கட்டையைத் தேடிப் பிடித்து வந்து அரத்தால் ராவி, எருமைக் கொம்பில் வாய்ப்பகுதி வைத்து, மேலே சிவப்பும் மஞ்சளுமாக அரக்கு ஏற்றி, பாய் பைப் செய்தார். தூரத்திலிருந்து பார்த்தால் தொட்டிலிலிருந்து உடைத்து எடுத்த துண்டு போலவே இருக்கும். வாயிலிருந்து போகும் துளை கிண்ணத்தின் அடியில் சரியாகப் போய்ச் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் அந்தத் தண்ணீர்ப் பரீட்சை. நெருப்புப் பரீட்சை எதுவும் கிடையாது. பாய் புகை பிடிப்பதில்லை. பிடிப்பவர்களை அவருக்கு ஆகவும் ஆகாது.

அவருடைய புகழ் எப்படியோ சிதம்பரம் வரை போய், ஒரு நாள் அங்கிருந்து ஒரு கல்லூரி விரிவுரையாளர் பஸ் ஏறி வந்துவிட்டார். உண்மையான வாடிக்கையாளர். சொந்தப் புகையிலையைத் தகர டப்பாவில் கொண்டுவந்திருந்தார். பாய் அவரை வெளிச்சத்தில் நிறுத்தி, மோவாயை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

“உங்க தாடைக்கு இது நிக்காது சார். இன்னும் கொஞ்சம் வயசு ஆவட்டும்.”

“நிற்கிறதா என்று பற்றவைத்துப் பார்க்கிறேனே” என்றார் விரிவுரையாளர்.

“பத்த வைக்கிறதா? நெருப்பு வச்சா பைப்பு கெட்டுப் பூடும் சார்!”

விரிவுரையாளர் என்னைப் பார்த்தார். நான் பத்திரிகைக்காரன், இம்மாதிரி நேரங்களில் முகத்தில் ஒன்றும் காட்டாமல் இருக்கப் பழகியவன். அவர் அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போனார்.

மச்சான் பொறுமையிழந்தது அன்றுதான். தெருவே கேட்கும்படி கத்தினான்.

“வந்தவனையும் தொரத்தியாச்சு. மாமா, கடைசியா சொல்றேன், சார் சாட்சி. அடுத்து வர்ற கப்பல்லேருந்து ஒரே ஒருத்தன் உங்க பைப்பைக் கையில வச்சிக்கிட்டுத் திரும்பிப் போவட்டும். நான் வாயே தொறக்க மாட்டேன். இல்லைன்னா போர்டு எறங்கும், நீங்க கட்டில் கால் கடையணும். சம்மதமா?”

“இன்ஷா அல்லாஹ்” என்றார் பாய், தோற்பதற்கு வழியே இல்லாதவர் போல.

கடலூரில் கப்பல் கரைக்கு வராது. கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்கும். ஆட்கள் படகில் வருவார்கள். அடுத்த கப்பலிலிருந்து ஒரு அதிகாரி இறங்கினார். எந்த நாட்டவர் என்று யாருக்கும் நிச்சயமில்லை. சிவப்பாக இருந்தார், ஆகவே வெள்ளைக்காரர் என்று முடிவானது. மச்சானே போய்க் கூட்டி வந்தான். பந்தயத்தில் நியாயமாக நடப்பவன் அவன். இங்கிலீஷ் பேச என்னை இறக்கினார்கள்.

இந்த முறை பாய் மோவாயைப் பார்க்கவில்லை. உள்ளதிலேயே பெரிய பைப்பை எடுத்து இரண்டு கையாலும் கொடுத்தார். அதிகாரி அதை உருட்டிப் பார்த்து, “குட்” என்றார். பையிலிருந்து புகையிலையை எடுத்து அடைத்தார். பாய் தடுப்பதற்குள் தீக்குச்சியைக் கிழித்துவிட்டார்.

தெரு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. புகை வந்தது. பாய் என்னைப் பார்த்த பார்வையில் நானே அந்தப் பைப்பைச் சந்தேகித்தவன் என்ற குற்றச்சாட்டு இருந்தது. அதிகாரி கண்ணை மூடி, கிண்ணத்தை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு, இரண்டு இழுப்பு இழுத்தார். மூன்றாவது இழுப்பில் கண்ணைத் திறந்தார்.

“ஹாட்” என்றார்.

“என்னா சொல்றாரு சார்?”

“சூடாக இருக்கிறதாம்.”

“புதுசு இல்லியா, அப்டித்தான் இருக்கும்னு சொல்லுங்க.”

அதிகாரி பைப்பை இடது கைக்கு மாற்றப் பார்த்தார். மாறவில்லை. அரக்கின் குணம் சூட்டில் இளகுவது. வாழ்நாள் முழுவதும் பாய் சோறு சாப்பிட்டதே அந்தக் குணத்தால்தான். சிவப்பும் மஞ்சளும் அதிகாரியின் விரல் இடுக்குகளில் இறங்கிக்கொண்டிருந்தன. இடது கையால் பிடித்து இழுத்தார். அந்தக் கையிலும் இரண்டு விரல் ஒட்டியது. நாங்கள் யாரும் படிக்காத ஒரு மொழியில் ஏதோ சொன்னார். பெரிய கெட்ட வார்த்தையாக இருக்க வேண்டும். பத்திரிகையில் போட முடியாதது என்பது ஓசையிலேயே தெரிந்தது. மச்சான் தண்ணீரை ஊற்றினான். அது இன்னும் மோசம். இளகியது இறுகிவிட்டது.

எப்படியோ இடது கையை விடுவித்துக்கொண்ட அதிகாரி வலது கையில் பைப்போடு படகுக்கு ஓடினார். நாங்களும் பின்னாலேயே கரை வரை ஓடினோம். படகு நகர்ந்த பிறகும் கையை உயர்த்தி உயர்த்தி உதறிக்கொண்டிருந்தார்.

“டாட்டா காட்டுறாரு பாருங்க” என்றார் பாய். “அவருக்கு ரொம்பப் புடிச்சிப் போச்சு.”

“அவருக்குப் புடிச்சிதோ இல்லியோ, அதுக்கு அவரைப் புடிச்சிப் போச்சு மாமா.”

“கையில வச்சிக்கிட்டுத் திரும்பிப் போவணும்னுதானே சொன்னே? போறாரா இல்லியா?”

“வச்சிக்கிட்டா போறாரு? வுட முடியாம போறாரு!”

வழக்கு என்னிடம் வந்தது. சாட்சி நான்தான். தெருவே சுற்றி நின்றது. பார்த்ததை மட்டும் சொல்வது என் தொழில்.

“கையில் இருந்தது” என்றேன்.

மச்சான் தலையில் அடித்துக்கொண்டு போனான். சொன்ன சொல்லை அவன் மீறவில்லை. அன்று மாலை வரை பாய் தெருவில் ஒவ்வொரு வாசலிலும் நின்று தமது வெற்றியை அறிவித்தார்.

மறுநாள் காலை ஜன்னலைத் திறந்தபோது பாய் தனியாக முக்காலியில் உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு பைப். அதன் கிண்ணத்தில் ஒரு கங்கு. பைப்பின் மேலிருந்து அரக்கு சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்துகொண்டிருந்தது. பந்தயத்தில் ஜெயித்தவர் முகமாக அது இல்லை. நான் இறங்கிப் போனேன்.

“உருகுது சார்” என்றார். அவர் பேசிக் கேட்டதிலேயே மிகச் சிறிய பேச்சு அதுதான்.

முக்காலி மேல் ஏறி அவரே போர்டைக் கழற்றினார். யாரும் கழற்றச் சொல்லவில்லை. சாயங்காலம் கடைசல் பட்டறையில் கட்டில் கால் சுழன்றது. குடத்தோடு வந்த பெண் போர்டு இல்லாத சுவரைப் பார்த்து, “பைப்பைப் புடுங்கிட்டாங்களா?” என்று வருத்தப்பட்டுவிட்டுப் போனாள்.

பிறகு எனக்குச் சிதம்பரத்துக்கு மாற்றலாயிற்று. அங்கே கல்யாணமும் ஆயிற்று. கட்டிலுக்குப் பாயிடம் சொல்லி அனுப்பினேன். சாக்கில் சுற்றிய நான்கு கால்களோடு மச்சான் பஸ்ஸில் வந்து இறங்கினான். சாக்கை அவிழ்த்தபோது உள்ளேயிருந்து ஒரு பைப் விழுந்தது. அரக்கு இல்லை. எண்ணெய் கூட இல்லை. வெறும் புளிய வேர்.

“கால் கேட்டா என்னாத்தைக் கட்டி அனுப்பியிருக்காரு பாருங்க” என்று சலித்துக்கொண்டான் மச்சான். “கையில இருந்துச்சுன்னு சார் சொன்னாரே, அவர் கையிலயே இருக்கட்டும்னாரு.”

நான் புகை பிடிப்பதில்லை. மச்சானை பஸ் ஏற்றிவிட்டு வந்து, கிணற்றடியில் நின்று பைப்பைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்துத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன்.

வந்தது.