ரங்கநாதனின் முட்டையில்லா மூஸ்

சுண்டல் வேக வைப்பதற்காகத் தான் பிறக்கவில்லை என்று ரங்கநாதன் அறிவித்தார். லிங்கராஜபுரம் அடுக்ககத்தில் மூன்று மாடிக்கும் கேட்டது.

"நவராத்திரியில ஒரு நாள் சுண்டல் உங்க பொறுப்புன்னேன். அதுக்கு இவ்வளவு சத்தமா?" என்றாள் மனைவி வனஜா.

"கடலையை ஊற வை, வேக வை. இதுல மூளைக்கு எங்க வேலை? நான் சாக்லேட் மூஸ் செய்யறேன், நுரை மாதிரி வாயில கரையற இனிப்பு. கொலுவுக்கு வர்ற எல்லாரும் என் பேரைத்தான் சொல்லணும்."

"மூஸுக்கு முட்டை வேணுமே. கொலு வீட்டுல முட்டையா?"

ரங்கநாதன் ஏளனமாகச் சிரித்தார். காலையில்தான் அவர் தங்கை தர்ஷினி ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். கொண்டைக்கடலை வேக வைத்த தண்ணீரை அடித்தால், முட்டை வெள்ளைக்கரு மாதிரியே நுரைக்குமாம்!

"உனக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகுது?"

"தெரியாதுங்க" என்றாள் வனஜா அடக்கமாக.

நுரை நிறைய வேண்டுமென்று கடலையையும் நிறைய ஊறப் போட்டார். மறுநாள் பதமாக வேக வைத்தார். தண்ணீரைப் பிள்ளைபோல் ஏந்திக்கொண்டு, கடலையைக் காலால் தள்ளாத குறையாக ஒதுக்கினார்.

"இந்தச் சக்கையை நீயே வச்சுக்கோ."

வனஜா வைத்துக்கொண்டாள்.

தண்ணீர் ஆறியதும் அடித்தார். நிஜமாகவே நுரை மலைபோல் எழுந்தது. உருக்கிய சாக்லேட்டும் ஆற வேண்டும் என்றது வீடியோ. காத்திருப்பது மற்றவர்கள் வேலை என்பது ரங்கநாதனின் கொள்கை. கொதிக்கக் கொதிக்க ஊற்றினார். மலை குளமானது.

அதற்கெல்லாம் அசருபவரா அவர்? ஒரு கிண்ணத்தில் காபி டிகாக்ஷன், ஒன்றில் இஞ்சிச் சாறு, ஒன்றில் மிளகாய்ப்பொடி என்று ஆளுக்கேற்ற ருசி சேர்த்தார்.

மாலையில் எதிர்வீட்டுக் கன்னடக்கார மமதா ஒரு வாய் குடித்தாள். ஆம், குடித்தாள்.

"பாயசத்துக்கு யாராச்சும் மொளகாப்பொடி போடுவாங்களா சார்?" என்று இருமினாள். அவசரமாகச் சுண்டலை அள்ளினாள். முகம் மலர்ந்தது. "ஆஹா, உசுலி... அதான் உங்க சுண்டல், சக்கத்தா இருக்கு! யாரு பண்ணது?"

"அவர்தான்" என்றாள் வனஜா. "ஊற வச்சு, வேக வச்சு எல்லாம் அவரே. நான் தாளிச்சதோட சரி."

"ரங்கநாதன் சார் சுண்டல்!" என்று கூடம் முழுக்க அவர் பேர்தான்.

எல்லோரும் போன பிறகு ரங்கநாதன் மிளகாய் மூஸோடு தனியாக உட்கார்ந்திருந்தார். வனஜா காலிச் சுண்டல் பாத்திரத்தை அவர் முன்னால் வைத்தாள்.

"நேத்து மாதிரியே தர்ஷினியை இன்னொரு வீடியோ அனுப்பச் சொல்லியிருக்கேன். நாளைக்குக் காராமணி."