கடிபட்டதை வாளியில் போடுகிறவர்

சமாதானம் செய்து வைப்பவர் என்று ஓர் இனம் உண்டு. அதில் பல வகை. நான் சொல்ல வந்தது ஒரே ஒரு வகையைப் பற்றி. எங்கே இரண்டு பேர் குரல் உயர்ந்தாலும் இவர் வந்துவிடுவார்; வேட்டியை மடித்துக் கட்டுவார்; தொண்டையைச் செருமுவார்; யார் அடித்தது, யார் அடிபட்டது என்று பொறுமையாக விசாரிப்பார்; எல்லாம் சந்தேகமறத் தெரிந்த பிறகு, அடிபட்டவன் தோளில் கை போட்டு, "நீ கொஞ்சம் இந்தப் பக்கம் வா" என்பார். உங்களுக்கும் இப்படி ஒருவரைத் தெரிந்திருக்கும். தெரியாது என்கிறீர்களா? பொறுங்கள்.

எங்களுக்குக் கிடைத்தவர் பெயர் தேனப்பன். மலாயாவில், ஈப்போ நகரத்தில் ஒரு செட்டியாரின் வட்டிக்கடையில் மேலாளுக்கு உதவியாக, அடுத்தாளாக இருந்தவர். ஜப்பான்காரன் வந்து கடை மூடியதும், கோப்பெங் பக்கம் நாங்கள் இருந்த ரப்பர்த் தோட்டத்துக்கு வந்து, தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் ஒரு வீட்டைப் பிடித்து, மரவள்ளி நட்டு, மிச்ச நேரத்தில் சமாதானம் செய்தார். மிச்ச நேரம் நிறைய இருந்தது. வெள்ளைக்காரத் துரை ஓடிப் போயிருந்தார், பால்வெட்டு நின்றிருந்தது, சோறு என்பது பேச்சில் மட்டும் இருந்தது.

ஒருநாள் உப்பு வாங்கும் வரிசையில் ஒரு தடியன் எங்கள் லயத்துச் சேவுகனை இடித்துத் தள்ளிவிட்டு முன்னால் புகுந்தான். சேவுகன் கத்தினான். தேனப்பன் வந்தார்.

"ரெண்டு பக்கமும் தப்பு இருக்கு" என்றார். இது அவருடைய முதல் வாக்கியம். எந்த வழக்குக்கும் பொருந்தும். "அவன் இடிச்சது தப்புதான்லா. ஆனா அவன் இடிக்கிற எடத்துல நீ நின்னியா இல்லியா?"

சேவுகனை அன்போடு அழைத்துப் போய் வரிசையின் கடைசியில் நிறுத்தினார். உப்பு பாதி வரிசையிலேயே தீர்ந்துபோனது. சண்டையும் தீர்ந்தது. தேனப்பனுக்குப் பரம திருப்தி.

மனிதர்களோடு நிறுத்தியிருக்கலாம். மீன்களிடமும் போனார்.

ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் ரப்பர் ஆலையில், பால் உறைய வைக்கும் சிமெண்டுத் தொட்டி ஒன்று சும்மா கிடந்தது. அதைக் கழுவித் தண்ணீர் நிரப்பி, ஈயம் தோண்டிய பழைய குட்டையில் பிடித்த மீன்களை வீட்டுக்கு இரண்டு மூன்றாக விட்டு வளர்த்தோம். எது யாருடையது என்று எல்லாருக்கும் தெரியும். கருப்பம்மாள் விட்டது இரண்டு கெண்டை. அவள் மகள் சொர்ணம் எட்டு மாதக் கர்ப்பம். மருமகனைச் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டு போய்விட்டார்கள். கிழங்கையே தின்று தின்று சொர்ணத்தின் கால் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி அப்படியே நின்றது. பிள்ளை பிறந்ததும் பத்தியச் சாப்பாடு என்று அவளுக்குக் கொடுக்க அந்த இரண்டு கெண்டையை விட்டால் வேறு ஒன்றுமில்லை. அதனால்தான் கருப்பம்மாள் தன் பங்குக் கிழங்கிலேயே கிள்ளி அவற்றுக்குப் போட்டாள்.

அப்போது தோட்டத்தைப் பார்க்க வந்த ஜப்பானிய அதிகாரி ஒருவர், ஜாவாவிலிருந்து வந்த மீன் என்று கறுப்பாக ஒன்றைக் கொடுத்து வளர்க்கச் சொன்னார். நாங்கள் அதை ஜப்பான் மீன் என்றோம். அது வந்த அன்றே தொட்டியில் ஒரு மூலையைத் தனக்கென்று எடுத்துக்கொண்டது. அந்தப் பக்கம் எது வந்தாலும் துரத்திக் கடித்தது. மறுநாள் அடுத்த மூலை. நாலு மூலையும் முடிந்ததும் நடுவையும் எடுத்துக்கொண்டது.

தேனப்பன் தொட்டியின் விளிம்பில் குந்தி அரைநாள் விசாரித்தார். உடைந்த சட்டி இரண்டைப் போட்டு, கடிபட்டவை ஒளிந்துகொள்ளட்டும் என்றார். சட்டியையும் ஜப்பான் மீன் எடுத்துக்கொண்டது. உடனே அவருக்குப் பழகிய வழிக்கு வந்தார். செதில் பெயர்ந்த மீனை அள்ளி வாளியில் போட்டார். அடுத்த நாள் வேறொன்று. பிறகு மண்ணெண்ணெய் டின், அப்புறம் யார் வீட்டுச் சட்டியோ.

சிம்பாங் பூலாயில் கடை வைத்திருந்த முகம்மது கௌஸ் ஒருநாள் வந்து பார்த்தார். நல்ல காலத்தில் கடையில் கண்ணாடித் தொட்டி வைத்து அழகுமீன் வளர்த்தவர்.

"என்னாண்ணே இது? கடிக்கிறத எடுங்க. கடிபட்டத எடுத்தா, அது அடுத்தத கடிக்கும்லா."

"எடுத்தா அதுக்குக் கோவம் வராதா, பாய்?"

"மீனுக்கா?"

"மீனுக்கு வராட்டி, குடுத்தவங்களுக்கு வரும்" என்றார் தேனப்பன். "இதுங்க சொன்னா கேக்கும். அது கேக்காது."

பாருங்கள், இந்த இனத்தின் ரகசியம் இவ்வளவுதான். கெட்ட மனசு ஒன்றுமில்லை. சொன்னால் கேட்கிறவனிடம் மட்டும் சொல்வார்கள்.

அவர் வாளி எடுத்த நாலாவது நாள் கருப்பம்மாளின் கெண்டைகளும் டின்னுக்குப் போயின. மறுநாள் விடிந்தபோது ஒன்று வயிறு மேலே தெரிய மிதந்தது. இன்னொன்று வாயைப் பிளந்துகொண்டு மேலேயே நின்றது. கருப்பம்மாள் அழவில்லை. செத்ததைத் தூக்கி எறியவும் இல்லை, சுத்தம் செய்து மகளுக்கு வைத்துக் கொடுத்தாள். பிறகு மூங்கில் கூடையோடு தொட்டிக்கு வந்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே இறங்கினாள். தேனப்பன் ஓடி வந்தார்.

"கருப்பம்மா! அது அவங்க மீனு!"

"மீனு மீனுதாண்ணே."

"வந்து கேட்டா என்னா சொல்றது?"

கூடையில் ஜப்பான் மீன் துள்ளியது. கருப்பம்மாள் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"ரெண்டு பக்கமும் தப்பு இருக்குன்னு சொல்லுங்க."

அன்று புளிப்புக்குப் பிலிம்பிங் காய் போட்டு வைத்த குழம்பின் வாசனை லயம் முழுக்க அடித்தது. வாளியில் இருந்தவையும் டின்னில் இருந்தவையும் தொட்டிக்குத் திரும்பின. உரசல் கொஞ்சம் இருக்கத்தான் செய்தது. செதில் மட்டும் யாருக்கும் பெயரவில்லை. தேனப்பன் நாள் முழுக்க நடுங்கிவிட்டு, சாயங்காலம் ஒரு கிண்ணத்தோடு வந்து நின்றார். கருப்பம்மாள் வால் துண்டு கொடுத்தாள்.

பத்து நாள் கழித்து அதிகாரி வந்தார். தேனப்பன் தலை முழங்காலில் முட்டுகிற அளவுக்குக் குனிந்தார். அதிகாரி தொட்டியை எட்டிப் பார்த்தார். தேறிக் கொழுத்திருந்த கருப்பம்மாளின் கெண்டையைக் காட்டி, "பாகுஸ், பாகுஸ்" என்று மலாயில் மெச்சினார். தான் கொடுத்த மீன் நன்றாக வளர்கிறது என்று சந்தோஷமாகப் போய்விட்டார். யாரைப் பார்த்து இத்தனை நாள் பயந்தோமோ அவருக்கு அவர் மீனையே அடையாளம் தெரியவில்லை. அடுத்த வாரம் சொர்ணத்துக்குப் பெண் குழந்தை பிறந்தது. மெச்சப்பட்ட கெண்டையைப் பத்தியத்துக்குக் குழம்பு வைத்தார்கள்.

"எப்படி அமைதியா இருக்கு பாத்தீங்களா?" என்று தொட்டியைக் காட்டி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் தேனப்பன் பெருமைப்பட்டார். யாரும் மறுக்கவில்லை. நானும் மறுக்கவில்லை. எப்படி மறுப்பேன்? அந்த நாலு நாளும் அவர் பக்கத்தில் நின்று வாளியைப் பிடித்தவன் நான்தானே. கருப்பம்மாளின் கெண்டைகளை டின்னில் விட்டதும் என் கைதான். செத்துப்போன அந்த ஒன்றை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

சரி, என்னை விடுங்கள். நீங்கள் சிரித்துக்கொண்டே படித்தீர்கள், சந்தோஷம். கடைசியாக உங்கள் வீட்டில் இரண்டு பிள்ளைகள் அடித்துக்கொண்டபோது நடுவில் புகுந்து விலக்கினீர்களே, அப்போது எந்தப் பிள்ளையின் கையைப் பிடித்து அடுத்த அறைக்கு இழுத்துக்கொண்டு போனீர்கள்?